பொய்ப்பல்லும் அதைக் கழுவிய நீரும்

பல் போனால் சொல் போயிற்று என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. சொல் மட்டுமா போகிறது? உணவின் சுவையும் முகத்தின் அமைப்பும் உடன் போகின்றன. ஆதலால் இழந்த பல்லுக்கு ஈடாக வேறொன்றை வாயில் பொருத்திக்கொள்ள மனிதன் நெடுங்காலமாக முயன்று வந்திருக்கிறான். அம்முயற்சியின் வரலாற்றை எழுதியோர், பல் எதனால் செய்யப்பட்டது, எவர் செய்தார், யாருடைய வாயில் இருந்தது என்பவற்றையே பெரிதும் கூறுவர். அப்பல்லை அன்றாடம் எதைக் கொண்டு கழுவினார்கள், கழுவக் கழுவ அதற்கு என்ன நேர்ந்தது என்னும் பேச்சு அருகியே காணப்படுகிறது. ஆயினும், ஒரு பொருள் மனித வாயில் நிலைபெற்றதா, கைவிடப்பட்டதா என்பதைப் பல முறை முடிவு செய்தது இந்தக் கழுவும் வேலைதான். இன்றைய பேச்சில் அந்தப் பக்கத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

1798-ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில், நியூயார்க் நகரிலிருந்து ஜான் கிரீன்வுட் என்னும் பல்மருத்துவர் ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதம் சென்றது சாமானியர் ஒருவருக்கு அன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் குடியரசுத் தலைவராயிருந்து, 1797-இல் பதவியினின்றும் ஓய்வு பெற்ற ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் சென்றது. 1789-இல் பதவி ஏற்ற நாளில் வாஷிங்டனுடைய வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருந்தது. அவர் அணிந்த பல்கட்டுகள் நீர்யானையின் கோரைப்பல்லில் செதுக்கப்பட்டவை. மனிதப் பற்களும், தங்கக் கம்பிகளும், பித்தளைத் திருகாணிகளும், ஈயமும் அவற்றில் இடம் பெற்றிருந்தன. மேல்கட்டும் கீழ்கட்டும் சுருள்வில்லினால் இணைக்கப்பட்டிருந்தமையால், வாயை மூடியே வைத்திருக்க அவர் தாடையை இறுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796-இல் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில் அவருடைய உதடுகள் புடைத்துத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே என்பர்.

பழுது பார்ப்பதற்காக அவர் அனுப்பிய பல்கட்டு கறுத்துப் போயிருந்தது. அதைக் கண்ட கிரீன்வுட், அது போர்ட் என்னும் திராட்சை மதுவில் ஊறியிருக்க வேண்டும், அன்றேல் அதை அணிந்தவாறே அம்மதுவை அருந்தியிருக்க வேண்டும் என்று எழுதினார். அம்மது புளிப்புடையது, ஆகவே தந்தத்தின் மெருகை அது போக்கிவிடும், அமிலம் எதுவாயினும் பல்லையும் எலும்பையும் மென்மையாக்கும், தந்தத்திற்குச் சாயம் ஏற்றுவோரும் அமிலத்தைத்தானே பயன்படுத்துகிறார்கள் என்பது அவர் கூறிய விளக்கம். பரிகாரமும் கூறினார். உணவு முடிந்ததும் கட்டைக் கழற்றித் தூய நீரில் இட்டுவிட்டு வேறொரு கட்டை அணிந்துகொள்ளலாம். அல்லது சீமைச் சுண்ணாம்பை நுண்ணிய பொடியாகச் சுரண்டி, தூரிகையால் தேய்த்துத் துலக்கலாம்.

இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய இக்கடிதத்தை இன்றைய வேதியியல் அறிவோடு படித்தால் வியப்புத் தோன்றுகிறது. தந்தம் என்பது கால்சியம் பாஸ்பேட்டு என்னும் கனிமமும் புரதமும் பின்னிப் பிணைந்த பொருள். அமிலம் கனிமத்தைக் கரைக்கிறது. கரைந்த இடத்தில் சொரசொரப்பும் நுண்துளையும் உண்டாகின்றன; மதுவின் நிறம் அத்துளைகளில் தங்கிவிடுகிறது. சாயம் ஏற்றும் தொழிலாளர் வேண்டுமென்றே செய்ததை வாஷிங்டனின் உணவு மேசை தானாகவே செய்துவிட்டது. சீமைச் சுண்ணாம்போ காரத்தன்மை உடையது. எஞ்சிய அமிலத்தை அது செயலறச் செய்யும். தேய்ப்புப் பொருளாகவும் பயன்படும். ஆனால் நாள்தோறும் தேய்த்தால், அமிலம் மென்மையாக்கிய மேற்பரப்பு விரைவில் அரைபட்டுப் போகும். இதைக் கிரீன்வுட் குறிப்பிடவில்லை. மாற்றுக் கட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்ற அவருடைய முதல் யோசனையே சிறந்தது. அது செல்வர்களுக்கு மட்டுமே இயலும் என்பது வேறு செய்தி.

வாஷிங்டன் மரப்பல் அணிந்திருந்தார் என்னும் கதை அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளிடையே வழங்கி வந்தது. அக்கதை பொய். கறையேறிய தந்தத்தில் ஓடும் நுண்ணிய விரிசல்களும் வரிகளும் மரத்தின் இழை போலத் தோன்றியதால் அக்கதை பிறந்திருக்கக்கூடும் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அங்ஙனமாயின், தவறான முறையில் பேணப்பட்ட ஒரு பல்கட்டு வரலாற்றுக் கதை ஒன்றையே படைத்துவிட்டது எனலாம். இங்கே மற்றொன்றையும் சொல்லாமல் விடுவது முறையன்று. மவுண்ட் வெர்னன் பண்ணையின் கணக்கேட்டில், 1784-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஒன்பது பற்களுக்காக நீக்ரோவர்க்கு ஆறு பவுன் இரண்டு ஷில்லிங் கொடுத்ததாக ஒரு வரி காணப்படுகிறது. விற்றவர்கள் அடிமைகள். கணக்கேடு அவ்வளவோடு நின்றுவிடுகிறது.

தந்தப் பல்கட்டின் பெருங்குறை கறையன்று, நாற்றம். உயிருள்ள பல்லைப் போல் எச்சிலோடும் இரத்தத்தோடும் உறவு கொண்டு தன்னைத்தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் செத்த தந்தத்திற்கு இல்லை. அதிலுள்ள புரதம் வாயின் ஈர வெப்பத்தில் அழுகத் தொடங்கும். அதைக் கழுவுவதும் எளிதன்று. புளித்த நீர் மென்மையாக்கும். கடுங்காரம் புரதத்தைத் தின்னும். கொதிநீர் விரிசல் உண்டாக்கும். கழற்றி உலர வைத்தாலோ வெடிக்கும். எந்த வழியில் சென்றாலும் முட்டுச்சந்து. சில ஆண்டுகளில் கட்டை எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்துகொள்வதே வழக்கமாயிருந்தது.

கிழக்கே ஜப்பானில் இதே காலத்திலும், இதற்கு முன்பும், வேறொரு வழி கண்டிருந்தனர். அங்கே 1538-இல் மறைந்த பௌத்தத் துறவினி ஒருவருடைய பல்கட்டு வாகாயாமாவில் காக்கப்பட்டு வருகிறது. அது முழுவதும் மரத்தில் குடைந்து செய்யப்பட்டது. மேலண்ணத்தோடு ஒட்டிப் படியுமாறு அதைச் செதுக்கியிருந்தனர். சுருள்வில் வேண்டியதில்லை, ஈரத்தின் பிடிப்பே அதைத் தாங்கியது. வாஷிங்டனுக்குக் கிட்டாத வசதி இது.

ஐரோப்பாவில் தந்தத்தின் நாற்றத்தைப் பொறுக்கமாட்டாமல் முதலில் கிளர்ந்தெழுந்தவர் பல்மருத்துவர் அல்லர், மருந்துக் கடைக்காரர். பாரிசுக்கு அருகிலுள்ள சென் ஜெர்மென் ஆன் லே என்னும் ஊரில் அலெக்சி துஷாத்தோ என்பவர் வாழ்ந்தார். அவருடைய தந்தப் பல்கட்டு, நாள் முழுதும் அவர் இடித்தும் கலக்கியும் வந்த மருந்துகளின் மணத்தையும் கறையையும் உறிஞ்சிக்கொண்டது. எத்தனை கழுவியும் போகவில்லை. தம் கடையில் மருந்துகளை அரைக்கும் பீங்கான் கல்வங்கள் மட்டும் கழுவியவுடன் தூய்மையடைவதை அவர் கண்டார். அப்படியாயின் பல்லையும் பீங்கானில் செய்தால் என்ன? 1774-ஆம் ஆண்டளவில் பீங்கான் தொழிற்சாலை ஒன்றை நாடி அவர் தம் முயற்சியைத் தொடங்கினார். களிமண் சூளையில் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பதை முன்கூட்டியே கணித்துப் பெரிதாகச் செய்தாக வேண்டும். முதற்கட்டுகள் வாயில் பொருந்தவில்லை. பின்னர் நிக்கோலா துபுவா த ஷேமான் என்னும் பல்மருத்துவரின் துணையோடு ஒரு கட்டு தேறியது. துஷாத்தோ தம் பல்லோடு மனநிறைவடைந்து கடைக்குத் திரும்பிவிட்டார். துபுவாவோ அதைத் தொழிலாக்கினார். பதினாறாம் லூயி மன்னரிடம் உரிமம் பெற்றார். புரட்சியின் கொந்தளிப்பில் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்து, அங்கும் உரிமம் பெற்று, அழுகாத பற்கள் என்று விளம்பரப்படுத்தி ஆயிரக்கணக்கானோருக்கு விற்றார்.

அழுகாதவை என்பது வெறும் வணிகச் சொல் அன்று, உண்மையே. பீங்கானை அமிலமும் காரமும் எளிதில் தீண்டா, கறை மேலோடு நிற்கும், தேய்த்தால் போகும். கழுவுதல் என்னும் ஒரு சோதனையை மட்டும் வைத்துப் பொருளைத் தேர்ந்தெடுப்பதாயிருந்தால் பல்லின் வரலாறு அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஒரே துண்டாகச் சுட்ட பீங்கான் கட்டு கனமானது. கைதவறி விழுந்தால் உடைவது. கடிக்கும்போது ஓசை எழுப்புவது. லண்டன் ஓவியர் தாமஸ் ரோலண்ட்சன் 1811-இல் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்றில், பிரெஞ்சுப் பல்மருத்துவர் தம் வாடிக்கைக்காரப் பெருமாட்டியின் வெள்ளை வெளேரென்ற பற்களை ஊராருக்குக் காட்டி நிற்கிறார். 1808-இல் ஜுசெப்பாஞ்சலோ ஃபோன்சி என்னும் இத்தாலியர், பிளாட்டினக் கொக்கியுடன் கூடிய தனித்தனிப் பீங்கான் பற்களைச் செய்து காட்டினார். அதன்பின் பல் வேறு, அது பதியும் அடித்தட்டு வேறு என்றாயிற்று. பல் பீங்கானாகிவிட்டது, அடித்தட்டின் துன்பம் தொடர்ந்தது. இடையில், போர்க்களத்தில் மடிந்த வீரர்களின் பற்களைப் பிடுங்கித் தந்தத்தில் பதிக்கும் வாணிகம் ஒன்று பெருகிற்று. 1815-இல் நடந்த போரின் பெயரால் அவற்றை வாட்டர்லூப் பற்கள் என்றனர். அதைப் பற்றி மேலும் விரிக்க மனம் வரவில்லை.

தங்கத் தகட்டில் அடித்தட்டு செய்தோர் தொல்லையின்றி இருந்தனர். தங்கத்தை எந்தக் கழுவுநீரும் கெடுப்பதில்லை. ஆனால் தங்கம் எத்தனை பேருக்குக் கிட்டும்?

ஏழை எளியவர்க்கும் பல்கட்டுக் கிடைக்கச் செய்தது ரப்பர். 1839-இல் சார்ல்ஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதி பெறுவதைக் கண்டார். கந்தகத்தின் அளவைக் கூட்டி, இரண்டு பங்கு ரப்பருக்கு ஒரு பங்கு என்ற அளவில் சேர்த்தால், தந்தம் போன்று கடினமான பொருள் கிடைத்தது. அவர் உடன்பிறந்த நெல்சன் 1851-இல் இதற்கு உரிமம் பெற்றார். வல்கனைட் என்பது அதன் பெயர். இதே காலத்தில்தான், 1844-இல் ஹோரஸ் வெல்ஸ் சிரிப்பூட்டும் வாயுவையும், 1846-இல் வில்லியம் மார்ட்டன் ஈத்தரையும் கொண்டு, வலியின்றிப் பல் பிடுங்கும் வழியைக் காட்டியிருந்தனர். வலிக்கு அஞ்சிச் சொத்தைப் பல்லோடு காலம் தள்ளியவர்கள் இப்போது முன்வந்து பிடுங்கிக்கொண்டனர். பல்லற்ற வாய்கள் பெருகின. மலிவான அடித்தட்டும் வந்து சேர்ந்தது. அச்சில் அடைத்து நீராவியில் ஏறத்தாழ 160 டிகிரி சூட்டில் வேகவைத்தால், வாயின் மேடுபள்ளங்களுக்கு ஏற்ப அச்சொட்டாகப் படியும் தட்டு ஆயத்தமாகிவிடும்.

அமெரிக்காவில் இதன் உரிமத்தைக் கைப்பற்றிய குட்இயர் டென்டல் வல்கனைட் கம்பெனி, ஒவ்வொரு பல்மருத்துவரிடமும் கட்டணம் கேட்டது. கொடாதவர் மீது வழக்குத் தொடுத்தது. கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கன் ஊர் ஊராகச் சென்று மருத்துவர்களை நீதிமன்றத்திற்கு இழுத்தார். 1879 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறன்று, சான்பிரான்சிஸ்கோ விடுதி அறையில் சாமுவேல் சால்ஃபன்ட் என்னும் பல்மருத்துவர் அவரைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். 1881-இல் உரிமம் காலாவதியாயிற்று. பல்கட்டின் அடித்தட்டுக்காக ஓர் உயிர் போனது என்றால் அதன் சந்தை எத்தகையது என்று நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

வல்கனைட்டு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆட்சி செலுத்தியது. அதன் கருநிறத்தை மறைக்கச் சாதிலிங்கம் கலந்து சிவப்பாக்கினர். சாதிலிங்கம் என்பது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த பொருள். தட்டின் அடியில் அண்ணம் சிவந்து புண்ணானபோது, பழி அந்தப் பாதரசத்தின் மேல் விழுந்தது. அதற்கு ரப்பர் வாய்ப்புண் என்றே ஒரு பெயரும் வழங்கியது. பத்திரிகைகளில் வாதப் பிரதிவாதங்கள் நடந்தன. மற்றொரு சாரார், குற்றம் பாதரசத்தினுடையது அன்று, கழுவாத தட்டினுடையது என்றனர். சாதிலிங்கம் எச்சிலில் கரையாத பொருளாகையால், இவர்கள் கூற்றே உண்மைக்கு அணித்தானது. சரியாக வேகாத வல்கனைட்டில் நுண்துளைகள் மிகுதி. பளபளப்பாகத் தீட்டப்படும் வெளிப்பக்கத்தை விட, மெருகிடாமல் விடப்படும் உட்பக்கத்தில்தான், அதாவது அண்ணத்தைத் தொடும் பக்கத்தில்தான், எச்சிலும் உணவும் தங்கும். அவற்றின் மேல் காளான் இனத்து நுண்ணுயிர்கள் குடியேறும். சோப்பும் தூரிகையும் வெளியே துலக்கின. துளைக்குள் அவை எட்டவில்லை. பாட்டனாருடைய பல்கட்டின் நாற்றம் என்று பழைய நாவல்களில் வரும் கேலிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

இடையே செலுலாய்டு ஒரு சிறு தோற்றம் காட்டி மறைந்தது. ஜான் ஹையட் 1870-ஐ ஒட்டி அதைப் பல்தட்டுக்கே முதலில் விற்க முனைந்தார். ஈறின் நிறம் அழகாக அமைந்தது. ஆனால் கற்பூர வாடை போகவில்லை. சில மாதங்களில் நிறம் மாறிற்று. வெந்நீர் பட்டால் உருக்குலைந்தது. கழுவும் சோதனையில் இவ்வளவு விரைவில் தோற்ற பொருள் வேறொன்று இல்லை.

இனி, இன்றும் உலகெங்கும் மிகுதியாக வழங்கும் பொருளுக்கு வருவோம். 1930-களின் தொடக்கத்தில், ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவரும், இங்கிலாந்தில் இம்பீரியல் கெமிக்கல் நிறுவனத்து வேதியியலாரும், கண்ணாடியைப் போல் ஒளி ஊடுருவும் அக்ரிலிக் என்னும் பிசினைத் தனித்தனியே உருவாக்கினர். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் தலைக்கு மேல் கவிந்த கூரை இதுவே. 1936, 1937-ஆம் ஆண்டுகளில் இது பல்மருத்துவத்துள் நுழைந்தது. பொடியும் நீர்மமும் கலந்து மாவாகப் பிசைந்து, அச்சில் அடைத்து, வெந்நீரில் வேகவைத்தால் போதும். ஈறின் இளஞ்சிவப்பு இதில் அப்படியே அமைந்தது. பத்தே ஆண்டுகளில் வல்கனைட்டு அரியணை இழந்தது.

அக்ரிலிக்குக்கும் பலவீனங்கள் உண்டு. அது பல்லின் எனாமலை விட மிகவும் மென்மையானது. தன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 2 பங்கு நீரை மெல்ல மெல்ல உறிஞ்சிச் சிறிது விரியும், உலர்ந்தால் சுருங்கும். ஆகையால்தான் கழற்றிய கட்டை நீரில் இட்டு வைக்குமாறு மருத்துவர் கூறுகின்றனர். சாராயம் மிகுந்த வாய்கொப்பளிப்பு நீர்கள் பட்டால் மேற்பரப்பில் நுண்வெடிப்புகள் தோன்றும். நிறங்களில் நம் சமையலறை மஞ்சள் அதனிடம் மிக எளிதில் ஒட்டிக்கொள்ளும்; வெற்றிலை பாக்குப் போடுவோரின் கட்டில் படியும் செங்கறையைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. அந்தக் கறையைப் போக்க உப்பும் சாம்பலும் இட்டுத் தேய்ப்போர் கறையோடு மெருகையும் சேர்த்தே தேய்த்துவிடுகின்றனர்.

கீறல் என்றால் கண்ணுக்குத் தெரியும் கீறல் மட்டும் அன்று. 1997-இல் பெல்ஜிய நாட்டு ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஆய்வுரையொன்று, வாயிலிருக்கும் பொருளின் மேற்பரப்புச் சொரசொரப்பு 0.2 மைக்ரானைத் தாண்டினால் கிருமிப்படலம் கூடுதலாகப் படியத் தொடங்குகிறது என்று எடுத்துக்காட்டியது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. இயற்கைப் பல்லுக்கென்று செய்த பற்பசையைக் கொண்டு நாள்தோறும் தேய்த்தால், அதிலுள்ள அரைப்புத் துகள்கள் இந்த எல்லையை அக்ரிலிக்கில் எளிதாகத் தாண்டிவிடும். கட்டு வெளுப்பாகத் தோன்றும். ஆனால் அன்றைய மாலையிலேயே அதில் முன்னிலும் மிகுதியாகக் கிருமி படிந்திருக்கும்.

தேய்ப்பதில் இத்துணை இடர் இருப்பதால், ஊறவைக்கும் நீரை நாடினர். இந்நீர்களின் பூர்விகம் சலவைத் துறை என்பது சுவையான செய்தி. பிரெஞ்சு வேதியியலார் பெர்த்தொல்லே 1780-களின் இறுதியில் துணி வெளுப்பதற்காகக் குளோரினிலிருந்து ஷாவெல் நீரைச் செய்தார். 1820-களில் லாபராக் என்பவர் அவ்வினத்துச் சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசலை நாற்றம் போக்கவும் புண் கழுவவும் பயன்படுத்தினார். முதல் உலகப் போரில் டாக்கினும் கரேலும் அதை மென்மையாக்கிப் படுகாயங்களுக்கு வார்த்தனர். அதே கரைசல் பின்னர்ப் பல்கட்டுக் கிண்ணத்துக்குள் வந்தது. மற்றொரு கிளை, 1818-இல் தெனார் கண்ட ஹைட்ரஜன் பெராக்சைடிலிருந்து பிறந்தது. 1907-இல் ஜெர்மனியில் ஹென்கெல் கம்பெனி, நீரில் பெராக்சைடை வெளியிடும் சோடியம் பெர்போரேட்டைச் சேர்த்துப் பெர்சில் என்னும் சலவைத்தூளை விற்கத் தொடங்கியது. நீரில் இட்டதும் நுரைத்துப் பொங்கும் பல்கட்டு மாத்திரைகள் அத்தூளின் பேரப்பிள்ளைகள் என்று சொன்னால் மிகையாகாது.

மாத்திரைகள் பரவிய பின் ஒரு புகார் எழுந்தது. இளஞ்சிவப்புத் தட்டுகள் சில ஆண்டுகளில் வெளிறிப் பால் போலாகின. நோயாளிகளும் மருத்துவர்களும் மாத்திரையையே குறை கூறினர். 1980-களில் இங்கிலாந்தில் இதை ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்தனர். இளஞ்சூட்டு நீரில் கரைத்த மாத்திரை அக்ரிலிக்கை வெளுக்கவில்லை. கொதிக்கும் நீரை ஊற்றி அதில் ஊறவைத்தவர்களின் கட்டுகளே வெளுத்தன. சூடு கூடினால் துப்புரவும் கூடும் என்று எண்ணிய நல்லெண்ணமே கேடு செய்திருக்கிறது.  அக்ரிலிக் ஏறத்தாழ 100 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும் பொருள். 

ஹைப்போகுளோரைட்டின் இயல்பு வேறு. கிருமிப்படலத்தைக் கரைப்பதில் அதற்கு இணையில்லை. ஆனால் நெடுநேரம் ஊறினால் அக்ரிலிக்கின் நிறத்தை அது மங்கச் செய்யும். உலோகத்தின் மீது அதன் கொடுமை இன்னும் பெரிது. பகுதிப் பல்கட்டுகளின் சட்டங்களையும் கொக்கிகளையும் 1930-கள் முதல் கோபால்ட்டு, குரோமியம் கலந்த உலோகத்தில் வார்த்து வருகின்றனர். எச்சிலையும் புளிப்பையும் பொருட்படுத்தாத அந்த உலோகத்தைக் குளோரின் நீர் அரிக்கிறது. கறுத்துக் குழிவிழுந்த கொக்கி ஒருநாள் உணவுக்கு நடுவே முறியும். ஈறுக்கு மெத்தை போல் உள்ளே இடப்படும் மென்படலங்களின் நிலையோ இதற்கு நேர்மாறு. குளோரின் நீரை ஓரளவு தாங்கும் அவற்றுட் சில, நுரைக்கும் மாத்திரையில் ஊறினால் கொப்புளித்துச் சொரசொரப்பாகின்றன. ஒரே கட்டில் அக்ரிலிக்கும் உலோகமும் மென்படலமும் சேர்ந்திருந்தால் எதில் ஊறவைப்பது? மருத்துவரைக் கேளாமல் கடைக்காரரைக் கேட்டு வாங்கும் நம் வழக்கத்தில் இக்கேள்வி எழுவதே இல்லை.

இத்தனையும் ஏதோ பொருளின் அழகைப் பற்றிய கவலை என்று எண்ணிவிடலாகாது. சொரசொரத்த தட்டில் காண்டிடா என்னும் காளான் தழைக்கிறது. அண்ணம் சிவந்து எரிகிறது. முன்னாளில் ரப்பர் வாய்ப்புண் என்று பழிக்கப்பட்டதில் பெரும்பங்கு இதுவே. வாயிலுள்ள கிருமி உறக்கத்தில் மூச்சுக்குழலுக்குள் இறங்கவும் கூடும். ஜப்பானில் 85 வயதும் அதற்கு மேலும் ஆகிய 524 முதியோரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், இரவிலும் பல்கட்டைக் கழற்றாமல் உறங்கியோருக்கு நிமோனியாக் காய்ச்சல் நேரும் வாய்ப்பு, கழற்றியோரைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேல் இருந்தது. மறுபுறம், கழுவும் மருந்தும் தீங்கற்றதன்று. 2008-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மாத்திரைகளிலுள்ள பெர்சல்பேட்டு என்னும் உப்பால் நேர்ந்த 73 கடுமையான ஒவ்வாமை நிகழ்ச்சிகளைச் சுட்டி, தயாரிப்பாளர் தம் எச்சரிக்கைச் சீட்டைத் திருத்துமாறு கோரியது. அவற்றுள் உயிரிழப்பும் இருந்தது. மாத்திரையை வாயிலிட்டு மென்றோரும், கரைத்த நீரைக் கொப்பளித்தோரும் அவர்களிடையே உண்டு.

2011-இல் அமெரிக்கச் செயற்கைப்பல் வல்லுநர் கல்லூரி வெளியிட்ட நெறிமுறைகளில், கட்டை ஒருபோதும் கொதிக்க வைக்கலாகாது, ஹைப்போகுளோரைட்டில் 10 நிமிடத்திற்கு மேல் ஊறவைக்கலாகாது, அரைப்புத்தன்மை இல்லாத பொருளைக் கொண்டே துலக்க வேண்டும், கழற்றிய வேளையில் நீரிலேயே வைக்க வேண்டும் என்பவை இடம் பெற்றன. 10 நிமிடம் என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 10 நிமிடமாயின் ஆண்டுக்கு ஏறத்தாழ 61 மணி நேரம். இரவு முழுதும், 8 மணி நேரம், ஊறப்போட்டால் ஆண்டுக்கு 2,920 மணி நேரம். ஓராண்டில் படும் பாட்டை 48 மடங்காக்கிவிடுகிறோம் என்பது பொருள்.

ஆய்வுக்கூடங்களும் இக்கணக்கையே கையாள்கின்றன. ஐந்தாண்டுப் பயன்பாட்டை அறிய, 10 நிமிட முறையில் 304 மணி நேரம், அதாவது 13 நாளுக்குச் சற்றுக் குறைவாகத் துண்டுகளைக் கரைசலில் ஊறவைத்து, சொரசொரப்பையும் கடினத்தையும் நிறத்தையும் அளக்கின்றனர். வாயில் நேரும் கடிப்பும் சூடும் குளிர்ச்சியும் கோப்பையில் இல்லையாகையால், இவ்வளவைகளை முழுமையாக நம்புவதற்கில்லை; எனினும் எந்த நீர் எந்தப் பொருளுக்கு ஆகாது என்பதை அவை தெளிவாகக் காட்டிவிடுகின்றன. அண்மை ஆண்டுகளில் பல்கட்டைக் கணிப்பொறியின் துணையால் இரு வழிகளில் செய்து வருகின்றனர். ஒன்று, பேரழுத்தத்தில் இறுக்கிய அக்ரிலிக் கட்டியைக் கடைந்தெடுப்பது. மற்றொன்று, நீர்மப் பிசினை ஒளியால் அடுக்கடுக்காக உறையச் செய்து அச்சிடுவது. இதுவரை அளந்து பார்த்ததில், கடைந்தெடுத்தவை குறைவாகவும், அச்சிட்டவை அவற்றினும் மிகுதியாகவும் நீரை உறிஞ்சுகின்றன. அச்சிட்ட தட்டுகளுக்கேற்ற கழுவுநீர் எது என்னும் சோதனைகள் பல நாட்டுப் பல்மருத்துவக் கல்லூரிகளில் நடைபெற்றுக்கொண்டிருக்கின்றன.